நாலாயிரத்து நானூற்று நாலாவது மீட்டர்

குழிக்குள் இறங்கும்போது துப்பறிவாளர் லென்ஸ் கம்பீரமாகத்தான் இறங்கினார். இடுப்பளவு ஆழம், ஈர மண், ஒரு கையில் பூதக்கண்ணாடி, இன்னொரு கையில் குடை. நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் அவருக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும். எப்படி ஏறுவது என்று யோசிக்காமல் இறங்குவது அவருடைய ஐம்பத்திரண்டு வருட வாழ்க்கையின் பொதுவான நடைமுறை.

"என்ன அண்ணே தெரியுது?" என்று மேலே நின்ற தங்கை கேட்டாள்.

"மண்ணு."

"அது இங்கேருந்தே தெரியுது. வேற?"

தங்கைதான் அவருடைய உதவியாளர். ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இருபது வருடம் கண்ணாடிக் குழாய் கழுவிவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, "வீட்ல சும்மா இருந்தா திட்டுறாங்க, உன் ஆபீஸ்ல சும்மா இருக்கலாம்னு வந்தேன்" என்று சேர்ந்தவள். வந்த நாளிலிருந்து வாய் மட்டும் சும்மா இருந்ததில்லை.

லென்ஸ் என்ற பெயர் துப்பறியும் திறமைக்காக வந்தது என்று ஊர் நம்பிக்கொண்டிருக்கிறது. அது ஆறாம் வகுப்பில் அவர் போட்டிருந்த சோடாபுட்டிக் கண்ணாடிக்காக வந்தது. ஊர் தன்னைப் பற்றி உயர்வாக நினைத்தால் அதைக் குறுக்கே புகுந்து திருத்துகிற கெட்ட பழக்கம் அவரிடம் கிடையாது.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதி ஊருக்கு இன்டர்நெட் போய்விட்டது. பூமிக்கடியில் ஓடும் கண்ணாடி இழைக் கேபிள் எங்கோ அறுந்துவிட்டது. கேபிள் கம்பெனியின் மெஷின், கம்பெனி வாசலிலிருந்து சரியாக நாலாயிரத்து நானூற்று நாலாவது மீட்டரில் அறுந்திருக்கிறது என்று சொன்னது. அந்த இடத்தில் இருந்தது இந்தச் செடி நர்சரி. நிலம் கம்பெனியுடையது. நர்சரிக்காரம்மா பதினோரு வருடமாகக் குத்தகைக்கு வைத்திருக்கிறார். வேண்டுமென்றே கேபிளை வெட்டியதாகச் சொல்லி, வியாழன் மாலை ஐந்து மணிக்குள் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். இன்றைக்குத்தான் வியாழன். மணி பன்னிரண்டே கால்.

"நான் சொன்னது தப்புதான் சார்," என்றார் நர்சரிக்காரம்மா குழி விளிம்பில் நின்று. கையிலிருந்த தண்ணீர்க் குழாயை முறுக்கிக்கொண்டே இருந்தார். "ரெண்டு மாசம் முன்னாடி இவங்க வந்து என் நாத்துமேலயே குழி தோண்டினாங்க. இன்னொரு தடவ வந்தீங்க, உங்க வயரை வெட்டி எருக்குழியில போட்டுடுவேன்னு கத்தினேன். இருபது பேர் கேட்டாங்க. ஆனா சொன்னதோட சரி சார். இந்தச் செடிங்களை விட்டா எனக்கு வேற போக்கிடம் இல்ல."

"கத்துறவங்க வெட்ட மாட்டாங்கம்மா," என்றாள் தங்கை. "எங்க அண்ணன் கூட கத்துவார்."

லென்ஸ் அதைக் காதில் வாங்காமல் குழியின் ஓரத்தில் கிடந்த சிமென்ட் தொட்டியைப் பார்த்தார். ஒரு மாட்டு வண்டிச் சக்கரம் அளவு அகலம். உள்ளே தாமரை இலைகள் வாடிக் கிடந்தன.

"இந்தத் தொட்டி எங்க இருந்துச்சு?"

"நீங்க நிக்கிற இடத்துல. மூணு வருஷமா அங்கதான். திங்கக்கிழமை காலைல கம்பெனி ஆளுங்க ஆறு பேர் சேர்ந்து நகர்த்திட்டுத் தோண்டினாங்க."

"அப்போ கேபிள் தொட்டிக்கு நேர் கீழ இருந்திருக்கு. ஆறு பேர் நகர்த்துற தொட்டிய நீங்க ஒருத்தரா நகர்த்தி, கேபிளை வெட்டி, திரும்பத் தொட்டிய வெச்சு..."

"பக்கவாட்டுல சுரங்கம் தோண்டினேனாம் சார். இன்ஜினியர் சொல்றார். எனக்குக் குனிஞ்சா நிமிர ரெண்டு பேர் வேணும்."

லென்ஸ் குழியோரம் கிடந்த ஒரு கேபிள் துண்டை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். வெட்டுப்பட்ட துண்டை ஓரமாக எறிந்திருந்தார்கள். கறுப்புத் தோலில் பிறை மாதிரி வளைந்த ஒரே வெட்டு. பிறகு கம்பெனி ஆட்கள் மறந்துபோய் விட்டுச்சென்ற மண்வெட்டியின் வாயில் அந்தத் துண்டை வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

"திங்கக்கிழமை தோண்டினவங்களே வெட்டியிருக்காங்க! ஞாயித்துக்கிழமை அறுந்தது இது இல்ல. அறுப்பைத் தேடப் போய் இவங்களே புதுசா ஒண்ணு உண்டாக்கியிருக்காங்க."

தங்கைக்கே ஒரு வினாடி பேச்சு வரவில்லை. அந்த ஒரு வினாடி லென்ஸ் உலகத்தின் உச்சியில் இருந்தார். அடுத்த வினாடி அவள் கேட்டாள்: "சரி அண்ணே. செவ்வாய்க்கிழமை வெளியாளை வெச்சு அதை ஒட்டிட்டாங்க. ஒட்டியும் லைன் வரல. நேத்து இடதுபக்கம் ஒரு குழி, வலதுபக்கம் ஒரு குழி. மெஷின் இன்னமும் அதே நாலாயிரத்து நானூத்து நாலுன்னுதான் சொல்லுது. மெஷினுக்கு இந்தம்மா மேல என்ன கோபம்?"

பதில் இல்லாத நேரங்களில் லென்ஸ் இடத்தை மாற்றுவார். குழியிலிருந்து ஏறப் பார்த்தார், சறுக்கினார், மறுபடி ஏறினார், உட்கார்ந்தார். பின்பக்கத்துப் பையிலிருந்து 'படக்' என்று ஒரு சத்தம் வந்தது. குனியும்போது விழுந்துவிடும் என்று கழற்றி வைத்திருந்த மூக்குக்கண்ணாடி.

"துப்பு எதாவது கிடைச்சுதா?" என்று கேட்டபடி தங்கை அவரைக் கைகொடுத்துத் தூக்கினாள்.

*

கேபிள் கம்பெனியின் மெஷின் அறை சின்னது, குளிரானது. ஒற்றைக் கண்ணாடிச் சில்லைக் கண்ணில் பிடித்துக்கொண்டு லென்ஸ் உள்ளே நுழைந்தார். இன்னொரு கண்ணுக்கு உலகம் கரைத்த சாயம் போலத் தெரிந்தது.

இன்ஜினியர் இளைத்த உருவம், இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப்பையில் நாலு பேனா. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

"எங்க மெஷின் தப்பே பண்ணாது சார். ஒரு முனையிலேருந்து இழைக்குள்ள ஒரு வெளிச்சத் துடிப்பு அனுப்புவோம். எங்க அறுந்திருக்கோ அங்க மோதித் திரும்பி வரும். போய்வர எவ்வளவு நேரமாச்சுன்னு மெஷின் பார்க்கும். வெளிச்சத்தோட வேகம் தெரியும். நேரம் தெரியும். தூரம் வந்துடும். சுவத்துல பந்து அடிச்சு வாங்குற மாதிரி."

"பந்து வழியில யார்கிட்டயாவது பேசிட்டு வந்தா?" என்றாள் தங்கை.

"வெளிச்சம் யார்கிட்டயும் பேசாதும்மா."

"அப்போ எங்க அண்ணனுக்கு நேர் எதிர்."

லென்ஸ் திரையில் மூக்கு இடிக்கும் தூரத்துக்குப் போனார். 4404 என்று பெரிதாக இருந்தது. மூலையில் சின்னதாக 1.0000 என்று ஒரு எண்.

"இது என்ன?"

"அது ஒரு செட்டிங் சார். யாரோ குளறுபடி பண்ணி வெச்சிருந்தாங்க. போன வாரம்தான் நான் சரி பண்ணேன்." இன்ஜினியர் நெஞ்சு கொஞ்சம் முன்னே வந்தது. "இதையெல்லாம் படிச்சவங்கதான் சார் பார்க்கணும்."

"இந்த மெஷினை வழக்கமா யார் பார்ப்பாங்க?"

"ஜாயிண்டர். இழை ஒட்டுறவர். பல் வலின்னு பத்து நாளா லீவு, நேத்துத்தான் பிடுங்கினாங்களாம். மத்தியானம் வருவார்."

லென்ஸ் தன் குறிப்பேட்டில் 1.0000 என்று எழுதிக்கொண்டார். காரணம் ஒன்றும் இல்லை. குறிப்பேட்டைத் திறந்தால் எதையாவது எழுத வேண்டும் என்பது அவர் கொள்கை. பிறகு மேஜைமேல் இருந்த புகார்ப் பதிவேட்டைப் புரட்டினார். ஞாயிறு, காலை பத்து பத்துக்கு முதல் புகார். கண்ணருகே வைத்துப் படித்தவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா! முதல் புகாரே நம்ம ஆபீஸ் நம்பர்தான். ஊர்ல எவனுக்கும் தெரியறதுக்கு முன்னாடி நான் கண்டுபிடிச்சேன். அன்னிக்குப் புது போர்டு வெச்சுட்டு அதை போட்டோ எடுத்து மச்சானுக்கு அனுப்புறேன், போகல. உடனே போனைப் போட்டேன். இதுக்குப் பேருதான் உள்ளுணர்வு."

"ஆமா சார், உங்களை நான் மறக்கவே மாட்டேன்," என்றார் இன்ஜினியர். "அன்னிக்கு மட்டும் பதினோரு தடவ கூப்பிட்டீங்க. வெட்டினவனை உள்ள தள்ளாம விடக்கூடாதுன்னீங்க."

"இப்பவும் சொல்றேன், விடமாட்டேன்," என்றார் லென்ஸ்.

*

எதிர்ச்சாரியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்காரர் உடைந்த சில்லை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இழவு வீட்டுக்கு வந்தவர் போலத் தலையாட்டினார்.

"மைனஸ் ஒன்பது. சாதாரணக் கண்ணாடியில செஞ்சா ரொட்டித் துண்டு மாதிரி தடியா வரும் சார். மெல்லிசாப் போட்டுக்கங்க. சாதாரணம்னா ஒண்ணரை. மெல்லிசு ஒண்ணு புள்ளி ஆறு ஏழு."

"அது என்ன கணக்கு?"

"அது கண்ணாடியோட நம்பர் சார். வெளிச்சம் காத்துல ஓடுற வேகத்துல கண்ணாடிக்குள்ள ஓடாது. உள்ள நுழைஞ்சதும் மெதுவாயிடும். அப்படி மெதுவாகுறதாலதான் வளையுது. ஒண்ணரைன்னா காத்தைவிட ஒண்ணரை மடங்கு மெதுவா போகும். இந்த மெல்லிசுக் கண்ணாடியில இன்னும் மெதுவு, அதனால கொஞ்சம் கண்ணாடியே நிறைய வளைச்சுடும். தண்ணிக்கு ஒண்ணே கால், ஒண்ணே முக்கால்... இருங்க, எவ்வளவு?"

"ஒண்ணு புள்ளி மூணு மூணு," என்றாள் தங்கை. "வைரத்துக்கு ரெண்டு புள்ளி நாலு. அங்க பாதி வேகம்கூடக் கிடையாது. எங்க லேப் சுவத்துல இருபது வருஷம் தொங்கின பட்டியல். தூசி தட்டினதே நான்தான்."

"வைரத்துல எங்க அண்ணன் வேகம்," என்று சேர்த்துக்கொண்டாள்.

லென்ஸ் கேட்காமலேயே தலையாட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டுவது தொழிலில் பாதி. வழக்கம்போலக் குறிப்பேட்டைத் திறந்தார். எதிரே முதலில் எழுதிய எண் இருந்தது. ஏதாவது கேட்க வேண்டுமே என்று அதைக் கேட்டார்.

"ஒண்ணு நம்பர்ல கண்ணாடி இருக்கா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "ஒண்ணுன்னா காத்து சார். அப்படி ஒரு கண்ணாடி இல்ல. வேணும்னா வெறும் ஃப்ரேமை மாட்டிட்டுப் போங்க."

கடைக்காரர் மாட்டிப் பார்க்கக் கொடுத்திருந்த வெறும் ஃப்ரேம் மூக்கில் இருக்க, லென்ஸ் அப்படியே நின்றார். தங்கை அவரைப் பார்த்தாள். அவர் தங்கையைப் பார்த்தார், அல்லது பக்கத்திலிருந்த நாற்காலியை. அந்தக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"அண்ணே..."

"மெஷின்ல ஒண்ணு!" என்று கத்தினார் லென்ஸ். "அவன் கேபிள் கண்ணாடி. மெஷின் காத்துன்னு நினைச்சுட்டிருக்கு! வெளிச்சம் உள்ள மெதுவாப் போயிட்டு வந்திருக்கு. அது வேகமாப் போயிருக்கும்னு வெச்சுக் கணக்குப் போட்டா..."

"தூரம் அதிகமாத்தான் காட்டும்! அறுந்தது இன்னும் கிட்டக்க!"

ஃப்ரேமைக் கழற்ற மறந்து லென்ஸ் ஓடினார். சாலையைக் கடக்கும்போது ஒரு சைக்கிளிடம் மன்னிப்புக் கேட்டார். சைக்கிளில் ஆள் இல்லை, சுவரில் சாய்ந்து நின்றது.

*

ஜாயிண்டர் வந்திருந்தார். ஒரு கன்னம் மட்டும் எலுமிச்சை வைத்த மாதிரி வீங்கி, வாயில் பஞ்சு. மெஷின் திரையைப் பார்த்தவர் பஞ்சைத் துப்பிவிட்டுக் கத்தினார்.

"யாருய்யா இதுல ஒண்ணு போட்டது? நம்ம இழைக்கு ஒண்ணு புள்ளி நாலு ஆறு எட்டு. மூடிமேல டேப் ஒட்டி எழுதி வெச்சிருந்தேனே!"

இன்ஜினியர் முகம் வெளுத்தது. "ஒளியின் வேகம் மாறாதுன்னு... அது இயற்கையோட சட்டம்னு காலேஜ்ல... யாரோ தெரியாம மாத்தி வெச்சிருக்காங்கன்னு நினைச்சு டேப்பையும் கிழிச்சுட்டேன்."

"அது ஒண்ணுமே இல்லாத வெட்டவெளியிலய்யா! உங்க காலேஜ்ல அந்தப் பாதி வரிய யார் முழுங்கினாங்க?"

சிரிக்கலாமா என்று லென்ஸுக்குத் தோன்றியது. ஆனால் அரை மணி நேரத்துக்கு முன்புவரை தனக்கும் அது தெரியாது என்பதால் கம்பீரமாக இருமினார். தங்கை போனில் வகுத்துப் பார்த்தாள். நாலாயிரத்து நானூற்று நாலை ஒன்று புள்ளி நாலு ஆறு எட்டால் வகுத்தால் மூவாயிரம். ஒரு மீட்டர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஜாயிண்டர் தன் அழுக்கு நோட்டை எடுத்தார். தெருவில் இரும்பு மூடி போட்ட குழிக்குக் குழி கேபிள் எத்தனை நீளம் ஓடுகிறது என்று கைப்பட எழுதி வைத்திருந்தார். "பன்னிரண்டாம் நம்பர் மூடி, ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பது. அதுலேருந்து அறுபது மீட்டர். வாங்க."

மணி நாலு. கம்பெனி ஜீப்பில் நாலு பேரும் ஏறினார்கள். வழியெல்லாம் லென்ஸ்தான் பேசினார். இந்த மாதிரிக் குற்றவாளிகளின் மனநிலை பற்றி, பொதுச் சொத்தைச் சேதப்படுத்துகிறவர்களுக்கு என்ன தண்டனை என்பது பற்றி, ஒரு பாவப்பட்ட பெண்பிள்ளை பழி சுமக்கும்போது எங்கோ ஒளிந்து வேடிக்கை பார்ப்பவனின் கல்நெஞ்சம் பற்றி. ஜீப் இரண்டு முறை திரும்பியது, எங்கே போகிறது என்று அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது.

இரும்பு மூடி ஒன்றின் பக்கத்தில் இறங்கினார்கள். ஜாயிண்டர் அளவுச் சக்கரத்தை நடைபாதையில் உருட்டினார். மீட்டருக்கு ஒரு 'டிக்'. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே லென்ஸ் பின்னால் நடந்தார். ஐம்பது. ஐம்பத்தைந்து. ஐம்பத்தொன்பதில் அவர் நெற்றி ஒரு இரும்புக் கம்பத்தில் 'ணங்' என்று மோதியது.

"அறுபது," என்றார் ஜாயிண்டர்.

"இதோ!" லென்ஸ் நெற்றியைத் தேய்த்தபடியே கம்பத்தைக் கட்டிப்பிடித்தார். "பாத்தீங்களா? எவனோ ஒரு மடையன் கம்பெனிகிட்ட ஒரு வார்த்தை கேக்காம, கீழ என்ன ஓடுதுன்னு யோசிக்காம, இவ்வளவு பெரிய கம்பத்தை அடிச்சு இறக்கியிருக்கான். இவனை நான் சும்மா விடப்போறதில்ல. தம்பி, எழுதிக்கங்க! இது யாரோட கம்பம்?"

இன்ஜினியர் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். ஜாயிண்டரும் பார்த்தார். வீங்கிய கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

லென்ஸ் தங்கை பக்கம் திரும்பினார். காலையிலிருந்து ஒரு நிமிடம்கூட வாய் மூடாதவள் இப்போது பேசாமல் நின்றாள்.

"என்னடி எழுதியிருக்கு மேல?"

"நம்ம போர்டு அண்ணே," என்றாள் மெதுவாக. "ஞாயித்துக்கிழமை நீ வெச்சது."

ஆளை வைத்து நடலாம் என்று அன்றைக்கு அவள் சொன்னாள். லென்ஸ் சம்மட்டியைப் பிடுங்கி, தானே அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் எதிர்வீட்டு மாடியில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே அடித்தார். அடித்து முடித்துப் போட்டோ எடுத்தபோது மணி பத்து. அது போகாதபோது பத்து பத்து.

ஜாயிண்டர் போனில் கம்பெனி அறையைக் கூப்பிட்டு, "இழைக்குள்ள சிவப்பு வெளிச்சம் விடு" என்றார். ஒரு சின்ன கடப்பாரையால் கம்பத்தின் அடியில் மண்ணைக் கிளறினார். ஒன்றரை அடிக்குக் கீழே கம்பத்தின் கூர்முனை கறுப்புத் தோலைத் துளைத்துக்கொண்டு நின்றது. வெயில் படாமல் தங்கை குடையை விரித்துப் பிடித்தாள். நிழல் விழுந்ததும் அந்தக் காயத்தில் சிவப்பாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. மூன்று கிலோமீட்டர் தூரம் கண்ணாடிக்குள் நடந்து வந்து, லென்ஸ் அடித்த இரும்பில் முட்டிக்கொண்டு அங்கேயே நின்றிருந்தது. அவ்வளவு கிட்டத்தில் குனிந்ததால் லென்ஸுக்கும் அது நன்றாகவே தெரிந்தது.

இன்ஜினியர் அவரை இரண்டடி தள்ளிக் கூட்டிப்போனார்.

"சார், இங்க நாலு பேர்தான் இருக்கோம். என் செட்டிங் விஷயம் மேல போச்சுன்னா என் வேலை போயிடும். உங்க கம்பம் வெளிய தெரிஞ்சா உங்க தொழில் போயிடும். அரை மணி நேரத்துல ஒட்டிடலாம். லைன் வந்துடும், ஊரும் மறந்துடும். அந்தம்மா ஃபைல் ஏற்கெனவே கையெழுத்தாயிடுச்சு. நாம எதுவும் புதுசா செய்ய வேணாம். சும்மா இருந்தா போதும்."

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். லென்ஸ் யோசித்தார். நன்றாகவே யோசித்தார். கேபிளை மூன்றடி ஆழத்தில் போட வேண்டிய கம்பெனி ஒன்றரை அடியில் போட்டிருக்கிறது, அதனால் தப்பு அவர்களுடையது என்று யோசித்தார். அந்தம்மாவுக்கு வேறு இடம் பார்த்துக் கொடுக்கலாம் என்று யோசித்தார். தானே குற்றவாளி என்று ஒரு துப்பறிவாளன் கண்டுபிடித்தால் அடுத்த கேஸை எவன் கொடுப்பான் என்று யோசித்தார். இவ்வளவையும் யோசிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நல்ல விஷயத்தை யோசிக்கும்போது அவர் மூளை இவ்வளவு வேகமாக ஓடி அவர் பார்த்ததே இல்லை.

பையில் போன் அடித்தது.

"சார், லாரி வந்துடுச்சு." நர்சரிக்காரம்மாவின் குரல் உடைந்திருந்தது. "செடியை எல்லாம் ஏத்துறாங்க. அரை மணி நேரம் கொடுங்கன்னு கேட்டேன், கேக்க மாட்டேங்கிறாங்க. யாருன்னு எதாவது தெரிஞ்சுதா சார்?"

லென்ஸ் தங்கையைப் பார்த்தார். முகம் தெரியவில்லை. குடை மட்டும் தெரிந்தது. அவள் 'சொல்லு' என்றும் சொல்லவில்லை, 'சொல்லாதே' என்றும் சொல்லவில்லை.

"தெரிஞ்சுடுச்சும்மா," என்றார் லென்ஸ். "அவனைக் கூட்டிட்டு வர்றேன்."

இன்ஜினியர் தலையில் கைவைத்துக்கொண்டு நடைபாதையிலேயே உட்கார்ந்தார். லென்ஸ் அவர் தோளைத் தொட்டார். "எந்திரிங்க தம்பி. தனியாப் போக எனக்கு பயமா இருக்கு."

*

நர்சரி வாசலில் ஜீப் நின்றபோது லாரியில் பாதிச் செடிகள் ஏறியிருந்தன. இன்ஜினியரைப் பார்த்ததும் நர்சரிக்காரம்மா குழாயைக் கீழே போட்டுவிட்டு நேராக வந்தார்.

"நான் அப்பவே நினைச்சேன்! இவர்தானே?"

"இவர் கால்வாசிம்மா," என்றார் லென்ஸ். "முக்கால்வாசி நான். என் போர்டுக் கம்பத்தை நான்தான் கேபிள்மேல இறக்கினேன். இவர் மெஷின்ல நம்பரை மாத்தினதால அது உங்க இடத்தைக் காட்டிடுச்சு. நீங்க ஒண்ணுமே பண்ணல."

அந்தம்மா திட்டுவார் என்று லென்ஸ் காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"அஞ்சு நாளா ஒரு ஆள் என்கிட்ட செடி வாங்க வரல," என்றார் அவர். "எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்தா கதவைச் சாத்திக்கிறா. அவ பையன் பரீட்சை கம்ப்யூட்டர்ல எழுதுறது நின்னுபோச்சாம், என்னாலயாம். எல்லாரும் சொல்லிச் சொல்லி, நேத்து எனக்கே சந்தேகம் வந்துடுச்சு சார். கோபத்துல நிஜமாவே வெட்டிட்டு மறந்துட்டேனோன்னு உட்கார்ந்து யோசிச்சேன். என் கையை நானே பார்த்துட்டிருந்தேன்."

லென்ஸ் வெறும் ஃப்ரேமுக்குள் விரலைவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்கிட்ட சொல்லி என்ன பண்றது? தெருவுல சொல்லுங்க," என்றார் நர்சரிக்காரம்மா.

லென்ஸ் நடுத்தெருவில் போய் நின்றார். நாலு பேர் பார்த்தால் நிமிர்கிற முதுகு, நாற்பது பேர் பார்க்கும்போது இன்றைக்கு நிமிரவில்லை. "கேபிளை அறுத்தது நான்!" என்று கத்தினார். "இந்தம்மா இல்ல! துப்பறிவாளன்னு போர்டு போட்டுக்கிட்டுத் திரியுற நான்தான் அறுத்தேன்!"

"சத்தமா அண்ணே, கடைசி வீட்டுக்குக் கேக்கல," என்றாள் தங்கை. அவள் குரலும் சரியாக இல்லை.

இன்னொரு முறை கத்தினார். மூன்றாம் முறை இன்ஜினியரும் பக்கத்தில் வந்து நின்று, மெஷினில் நம்பரை மாற்றியது தான்தான் என்று கத்தினார். பிறகு லாரிக்காரரிடம் போய், நோட்டீஸைத் தானே கிழித்து, எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார்.

லென்ஸ் முதல் ஆளாக லாரியில் ஏறி ஒரு செடித்தொட்டியை நெஞ்சோடு அணைத்து இறக்கினார். இறங்கும் வழி இந்த முறையும் தெரியவில்லை, தங்கை பிடித்துக்கொண்டாள். "இதை எங்க வைக்கணும்மா?"

நர்சரிக்காரம்மா எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. அந்த வீட்டுப் பெண் புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே தெருவைத் தாண்டி வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் லாரியிலிருந்து ஒரு சின்னச் செடியைக் கீழே இறக்கினாள்.

"இதை எங்க வைக்கணும்க்கா?"

அந்தம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். ஐந்து நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"நிழல்ல," என்றார். "நிழல்ல வை."